சிவனேஸ்வரியின் தீர்வையில்லாப் பங்கு

ஹோம்புஷ் ரயில் நிலையத்துப் படிகளில் ஏறும்போதே சச்சிதானந்தன் முடிவெடுத்துவிட்டார். இந்த ஒரு விஷயத்திலாவது தன்னுடைய சொல்தான் நிற்கும்.

கலியாணம் கட்டிய நாள் முதல் அவருடைய சொல் நின்றதாகச் சரித்திரம் இல்லை. நிற்கத்தான் பார்க்கும். சிவனேஸ்வரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அன்பாக அதை இருத்திவிடுவாள். யன்னல் சீலைக்கு நிறம் சொன்னது அவள். பிள்ளைக்குப் பெயர் சொன்னதும் அவள். மெல்பேர்னில் இதைவிட நல்ல உத்தியோகம் ஒன்று வந்தபோது, அந்தக் குளிரில் தோசை மா பொங்காது என்று ஒரே ஒரு வசனம் சொன்னாள். சச்சிதானந்தன் சிட்னியிலேயே இருந்துவிட்டார். சண்டை பிடித்துத் தோற்றிருந்தால் பரவாயில்லை. சண்டையே நடக்காமல் தோற்பதுதான் மனிசனுக்குக் களைப்பு.

ஆனால் இந்த முறை விஷயம் வேறு. இது கமரா விஷயம்.

சச்சிதானந்தனுக்குக் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறும் வேலை. காலையிலிருந்து மாலைவரை குழாய். வளைந்த குழாய், நேர்க் குழாய், குழாயோடு சேரும் குழாய். இப்படிக் குழாய் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு, ஒரு நல்ல ஜேர்மன் கமராவுக்குள்ளால் உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பெரிய ஆசை என்று சொல்லவும் முடியாது. அலுவலகத்தில் பக்கத்து மேசை வெள்ளைக்காரன் திங்கட்கிழமைதோறும் தான் எடுத்த மலைகளைக் கொண்டுவந்து காட்டுவான். சச்சிதானந்தனிடம் காட்ட ஒரு மேடுகூட இல்லை.

சிவனேஸ்வரியின் தமையன் கேதீஸ்வரன் ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில் எஞ்சினியராக இருந்தார். டிசம்பரில் நத்தார் லீவுக்கு வந்து ஒரு மாதம் நில்லுங்கள் என்று தங்கைச்சி குடும்பத்தை அவர் அழைத்தார். சச்சிதானந்தனுக்கு மச்சானைப் பார்ப்பதைவிட மச்சான் ஊர்க் கடைகளைப் பார்ப்பதில்தான் அவசரம். அங்கே விலை மலிவு என்று கேள்வி. அங்கே வாங்குவது பெரிய காரியம் இல்லை, இங்கே சிட்னியில் சுங்கத்தைத் தாண்டிக் கொண்டுவருவதுதான் காரியம்.

அதற்கு விக்னராஜா இருந்தார். மேல் பிளாட்காரர். ஒருமுறை சிங்கப்பூருக்குப் போய்வந்து, அன்றிலிருந்து சுங்கச் சட்டத்துக்கு ஹோம்புஷ் வட்டாரப் பிரதிநிதியாக இருந்து வந்தார். அவர் சொன்ன சட்டம் இரண்டு. வெளிநாடு போய்வரும் ஒவ்வொரு பெரியாளுக்கும் ஒரு பங்கு உண்டு, அந்தப் பெறுமதிவரை புதுச் சாமான் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம், பிள்ளைகளுக்கும் சின்னதாக ஒரு பங்கு உண்டு, குடும்பமாக வந்தால் பங்குகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இது முதலாவது. சொந்தமாகப் பாவித்த பழஞ்சாமானுக்குத் தீர்வையே இல்லை. இது இரண்டாவது.

இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் சச்சிதானந்தன் படியேறி வீட்டுக்கு வந்தார்.

சிவனேஸ்வரி குசினியில் நின்றாள். அவளுடைய கிரைண்டர் உழுந்தோடு மல்லுக்கட்டி, ஒருநாள் கறுப்புப் புகை கக்கிச் செத்துப்போய் வெகுநாள். அன்றிலிருந்து மேல் வீட்டுக் கிரைண்டரை இரவல் வாங்கித்தான் மா அரைத்தாள். வாங்கப் போகும்போதெல்லாம் விக்னராஜாவின் மனைவி ஒரு பெருமூச்சு விடுவாள். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு சட்டி மாவும் கூடவே போக வேண்டும். புதிதாக ஒன்று வாங்குவோமா என்று சிவனேஸ்வரி கேட்ட ஒவ்வொரு தடவையும் சச்சிதானந்தன் அடுத்த வருஷம் என்றார். அடுத்த வருஷம் வந்தது. அது போன பிறகு இன்னொரு அடுத்த வருஷமும் வந்தது.

சச்சிதானந்தன் கதிரையில் இருந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சட்டத்தை விளக்கினார். மூன்று பேரின் பங்கையும் ஒன்றாகச் சேர்த்தால் தான் நினைத்திருக்கும் கமரா மட்டுமட்டாக அடங்கும் என்றார்.

"மூண்டு பேரின்ரையும் எண்டால், என்ரையும் சேர்த்தோ?"

"ஓம்."

"பிள்ளையின்ரையும்?"

"ஓமப்பா. பால் குடிக்கிற பிள்ளை என்னத்தை வாங்கப் போகுது?"

"அப்ப எனக்கு?"

"உமக்கும்தானே. பங்கு உம்மடை பேரிலை இருக்கும். கமராவை நான் வைச்சிருப்பன்."

சிவனேஸ்வரி கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"சீதன வீடு மாதிரி," என்றாள்.

"அதேதான்," என்றார் சச்சிதானந்தன். மனிசி இவ்வளவு கெதியாக விளங்கிக்கொண்டது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கொக்குவிலில் ஒரு கல்வீடு சிவனேஸ்வரிக்குச் சீதனம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் அவளுடையது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சட்டப்படி அவள் அதை விற்பதென்றால் இவர் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கு வாடகைக்கு ஆள் பிடித்தது இவர். முன்பக்கச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று இங்கிருந்து கடிதம் எழுதியதும் இவர்தான். உலகத்தில் பெண்சாதியின் பேரில் உள்ளதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்பதில் சச்சிதானந்தனுக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவுஸ்திரேலியச் சுங்கம் மட்டும் வேறு விதமாகவா இருக்கப் போகிறது?

பிறகு அவள் கிரைண்டர் கதையை எடுத்தாள். ஜேர்மன் கிரைண்டர் செத்தல் மிளகாயையும் தூளாக்கும் என்று மச்சாள், கேதீஸ்வரனின் மனைவி, எழுதியிருக்கிறாளாம். சச்சிதானந்தன் தாராளமாக, வாங்கலாமே என்றார். அவரிடம்தான் இரண்டாவது சட்டம் இருக்கிறதே. போய் இறங்கியவுடன் கிரைண்டரை வாங்குவது, ஒரு மாதம் போட்டு அரை அரையென்று அரைத்துப் பழசாக்குவது, வரும்போது வீட்டுப் பழஞ்சாமான் என்று கொண்டுவந்து விடுவது. தீர்வையும் இல்லை, பங்கும் தேவையில்லை.

சிவனேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள்.

"இஞ்சேருங்கோ, மாறிச் செய்தால் என்ன? கமராவைப் பாவிச்சுப் பழசாக்குவம். கிரைண்டர் புதுசா வரட்டும்."

பிள்ளையைக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்ப்போமா என்று கேட்டதுபோல் சச்சிதானந்தன் அவளைப் பார்த்தார்.

"கமராவிலை ஒரு கீறல் விழுந்தால் பிறகு அது கமராவே?"

"கிரைண்டரிலை விழுந்தால்?"

"விழட்டுமே. உழுந்துக்குக் கண் இருக்கோ?"

சிவனேஸ்வரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு சச்சிதானந்தன் வெகு நாளைக்குப் பிறகு வென்றவர்போல் நித்திரை கொண்டார். அவள் பேசாமல் விட்டதைத் தன் வெற்றியென்று எடுத்துக்கொள்வது அவருக்குப் பழைய பழக்கம். அதைத் திருத்த அவளுக்கும் நேரம் கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம் அது.

ஸ்டுட்கார்ட்டில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்த மறுநாளே கேதீஸ்வரன் அவர்களை நகரத்தின் பெரிய கடைக்குக் கூட்டிப்போனார். ஊசி முதல் கட்டில்வரை ஒரே கூரையின் கீழ் விற்கிற கடை. கீழ்த் தட்டில் குசினிச் சாமான், மேல் தட்டில் கமரா. சச்சிதானந்தன் மேலே போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற நிலையைப் பார்த்த விற்பனைக்காரப் பெண், குரலைத் தாழ்த்திப் பேசினாள். கோயிலில் கதைப்பதுபோல் இருந்தது.

கமரா வந்தது. தோல் உறை, அதற்குமேல் பெட்டி, அதற்குமேல் கடையின் பளபளத்த கடதாசி, அதைச் சுற்றி ஒரு நீல நாடா. பெறுமதியைக் காட்டுவதற்கு ரசீது வேண்டும் என்று அதையும் நாடாவுக்குள் சொருகி வைத்தார் சச்சிதானந்தன். நாடாவை அவிழ்க்கவே இல்லை. சிட்னியில் சுங்கத்தைத் தாண்டிய பிறகு, வீட்டில், கை கழுவிவிட்டுத்தான் அவிழ்ப்பது என்று தீர்மானம். கேதீஸ்வரன் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்கு நடுவில் கமரா குடிபுகுந்தது.

கீழ்த் தட்டில் வாங்கிய கிரைண்டருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு அதன் பெட்டியை எறிந்தார், ரசீதைக் கிழித்தார், அடியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டினார். உருக்குக் கம்பிப் பஞ்சால் அதன் வயிற்றில் நாலைந்து கோடு கீறினார். மூடியில் மஞ்சள் பூசினார். மச்சாள் சந்திரவதனா வாசலில் நின்று பார்த்துவிட்டு, உங்கடை அவருக்குப் பயணக் களைப்போ என்று சிவனேஸ்வரியிடம் மெதுவாகக் கேட்டாள்.

பூசினால் மட்டும் போதாது, ஓடிப் பழகிய தோற்றம் வேண்டும், அரையும் என்று சச்சிதானந்தன் மனைவியிடம் சொன்னார். சிவனேஸ்வரி பிள்ளைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். திட்டம் உங்களுடையது, எவ்வளவு அரைத்தால் எவ்வளவு பழசாகும் என்று எனக்குத் தெரியாது, கூடக் குறைய அரைத்துவிட்டால் பிறகு என்னைத்தான் சொல்வீர்கள் என்றாள். அதில் நியாயம் இருந்தது. அவள் சொல்வதில் எப்போதும் நியாயம் இருக்கும். அதுதான் அவருடைய சீவியத்தின் பிரச்சினை.

அன்றைக்குச் சச்சிதானந்தன் உழுந்து அரைத்தார்.

மா நன்றாக வந்தது. அதுதான் பிழையாகப் போயிற்று. மச்சாள் மாச் சட்டியைப் பிள்ளையின் போர்வையால் சுற்றிச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியில் முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்க, உள்ளே மா பொங்கிச் சட்டியின் மூடியைத் தள்ளியது. தோசையைத் தின்ற கேதீஸ்வரன் அப்படியே தொலைபேசியை எடுத்து, அந்தப் பக்கத்தில் படிக்கிற தமிழ்ப் பெடியன்களைக் கூப்பிட்டார். வருஷக்கணக்காக உருளைக்கிழங்கும் கறுத்தப் பாணும் தின்று காய்ந்த பெடியன்கள். ரயில் ஏறி வந்தார்கள். அவர்கள் போய்ச் சொன்ன இடங்களிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். ஒருவர் எல்லை தாண்டிச் சுவிட்சர்லாந்திலிருந்து வந்ததாகச் சொன்னார். தோசைக்கு அவர் காட்டிய ஆவேசத்தைப் பார்த்தால் நடந்தே வந்தவர்போலத்தான் இருந்தது.

வந்தவர்களுக்கெல்லாம் அரைத்தது சச்சிதானந்தன். காலையில் உழுந்து, மத்தியானம் தேங்காய், பின்னேரம் செத்தல் மிளகாய். கிரைண்டர் சூடேறினால் அதை ஆறவிட்டார்கள். அவரை ஆறவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணை, சம்பல் இன்னும் கொஞ்சம் நைசாக வந்தால் நல்லது என்று பெடியன்கள் உரிமையோடு சொன்னார்கள். கோட்டை பார்க்கப் போகலாம் என்று கேதீஸ்வரன் சொன்ன நாளில் யாரோ குடும்பமாக வந்து இறங்கினார்கள். அந்த ஊரில் பிரசித்தமான உயரக் கோபுரம் ஒன்று உண்டு. குசினி யன்னலால் அதன் நுனி தெரிந்தது. சச்சிதானந்தன் பார்த்த ஜேர்மனி அந்த நுனிதான்.

படுக்கப் போகுமுன் அலுமாரியைத் திறந்து நீல நாடாவைத் தொட்டுப் பார்ப்பார். கையில் மிளகாய் எரிவு இருக்கும். ஆகையால் ஒரு விரலால் மட்டும் தொடுவார்.

"கமராவாலை ஒரு படம் எடுத்தால் என்னப்பா? பிள்ளை பனியைப் பார்த்துச் சிரிக்குது," என்றாள் சிவனேஸ்வரி ஒருநாள்.

"பங்கிலை போற சாமான். கை படக்கூடாது."

"ஆரின்ரை பங்கிலை?"

"எங்கடை பங்கிலை."

"ஓ," என்றாள் சிவனேஸ்வரி.

அந்த 'ஓ'வைச் சச்சிதானந்தன் கவனித்திருக்க வேண்டும். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அவருக்கு அந்த எழுத்து பழகியிருக்க வேண்டும். ஆனால் அவருக்குத் தோள்மூட்டு வலி.

புறப்பட முதல்நாள் கேதீஸ்வரன் பிரியாவிடை வைத்தார். வீட்டுக்குள் நிற்க இடமில்லாத கூட்டம் வருமாம். உழுந்து ஒரு வாளி நிறைய ஊறிக் கிடந்தது. சச்சிதானந்தன் விடிந்ததிலிருந்து அரைத்தார். சிவனேஸ்வரியும் மச்சாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ சில்லறைச் சாமான் வாங்கவேண்டும் என்று கடைக்குப் போனார்கள். போகும்போது ஒரு பெரிய பையைக் கொண்டு போனதை அவர் கண்டார். கடைக்குப் போகிறவர்கள் பை கொண்டுபோவது வழமைதானே.

திரும்பி வரும்போது பிள்ளை ஒரு தள்ளுவண்டிலில் வந்தது. மடக்கினால் குடை அளவுக்கு வந்துவிடும் வண்டில். தாய்மாமன் மருமகளுக்கு வாங்கிக் கொடுத்ததாம். சச்சிதானந்தனும் மடக்கிப் பார்த்து மெச்சினார். பிறகு போய் அரைத்தார்.

பெட்டி அடுக்குவது பெண்கள் வேலை என்பது அவருடைய கொள்கை. அது இந்த முறை அவருக்கு வசதியாகவும் இருந்தது. கையைத் தூக்க முடியாமல் கிடந்தது. சோபாவில் சாய்ந்தபடி குரல் கொடுத்தார்.

"இஞ்சேரும், கமராவைப் பத்திரமா வைச்சாச்சோ?"

"வைக்க வேண்டியதெல்லாம் வைச்சாச்சு. நீங்கள் படுங்கோ."

அவர் படுத்தார்.

பிளேனில் சிட்னி நெருங்கும்போது பணிப்பெண் வந்து சுங்கத்துக்கு நிரப்பும் அட்டைகளைக் கொடுத்தாள். பெரியவர்களுக்கு ஆளுக்கொன்று. சச்சிதானந்தன் தன்னுடையதை எடுத்து, கமரா ஒன்று, மூன்று பேரின் பங்கில், என்று அழகாக எழுதினார். வரைபடம் கீறுகிறவரின் எழுத்து, அச்சுப் போல இருந்தது. சிவனேஸ்வரியின் அட்டைக்கும் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கேள்விகள் லேசாகத்தான் இருக்கின்றன, ஊர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலீசு இதற்குப் போதும், நான் எழுதுகிறேன் என்றாள்.

"எல்லாத்துக்கும் இல்லை எண்டு போட்டுக் கையெழுத்தை வையும். பிறகு நான் கையெழுத்து வைக்கவேண்டிய இடம் இருந்தால் காட்டும்."

அவள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கடை கையெழுத்துக்கு இதிலை இடமே இல்லையப்பா," என்றாள். "என்ரை மட்டும்தான் கேட்டிருக்கு. ஊர் உறுதி மாதிரி இல்லை."

"நல்லது. ஒரு வேலை குறைஞ்சுது," என்றார் அவர். கண் சொருகிக்கொண்டு வந்தது. தூக்கத்திலும் வலது கை தானாக ஒரு சுவிச்சைத் தட்டியது.

இறங்கியதும் கதவு திறக்குமுன் இரண்டு பேர் ஏறி, தலைக்கு மேலே புஸ் புஸ்சென்று பூச்சிமருந்து அடித்துக்கொண்டு நடந்தார்கள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவுஸ்திரேலியா தன் பிள்ளைகளை வரவேற்கும் முறை அது. சச்சிதானந்தனுக்கு மருந்து வாசத்திலும் கமரா வாசம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

சுங்கத்தில் அவர்களுக்கு வாய்த்த உத்தியோகத்தர் அரைக்காற்சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் கால்மேசும் போட்ட நெட்டை மனிதர். முகம் வெயிலில் சிவந்திருந்தது. சச்சிதானந்தன் முன்னால் வந்து நின்றார். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனங்களை வரிசையாகச் சொன்னார். கமரா ஒன்று இருக்கிறது. அது குடும்பத்துப் பங்கில் வருகிறது. மற்றபடி ஒரு பழைய கிரைண்டர், வீட்டுப் பாவனைக்கு, கனகாலமாக வைத்திருப்பது. இந்தக் கடைசி வசனத்தில் குரல் கொஞ்சம் வழுக்கியது. அதற்கு மட்டும் அவர் பழக்கப்பட்டிருக்கவில்லை.

உத்தியோகத்தர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சிவனேஸ்வரி பிள்ளையின் வண்டிலை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து திறந்தாள்.

மேலே பிள்ளையின் உடுப்பு. அதன் கீழே ஒரு பெட்டி. பளபளத்த கடதாசி, நாடா, நாடாவுக்குள் சொருகிய ரசீது. சச்சிதானந்தனுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு நெஞ்சு நின்றது. கமராவுக்கு இந்தப் பெட்டி பெரிது. உத்தியோகத்தர் கடதாசியை நீக்கினார். உள்ளே ஒரு கிரைண்டர், கீறல் இல்லாமல், மஞ்சள் இல்லாமல், முகம் பார்க்கலாம்போல் மினுங்கியது.

சச்சிதானந்தன் மனைவியின் பக்கம் குனிந்தார்.

"இது எந்தக் கிரைண்டர்?"

"புதுசு."

"பழசு?"

"மச்சாளிட்டை."

"கமரா?"

"கடையிலை."

உத்தியோகத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாஷை விளங்காவிட்டாலும், கலியாணம் கட்டியவர் என்பது அவர் பொறுமையாக நின்றதில் தெரிந்தது.

சிவனேஸ்வரி சத்தம் போடாமல், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது கதை சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு மாதம் ஒரு வீட்டில் நின்று தின்றுவிட்டு வெறுங்கையோடு வரமுடியாது, மச்சாளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், அவளுக்கோ அந்தக் கிரைண்டரில் ஆசை, கொடுத்தாயிற்று. அதைக் கண்ட அண்ணன் தங்கைச்சியை வெறுங்கையோடு அனுப்புவாரா, புதிது ஒன்று வாங்கித் தந்தார். புதிது வந்தால் அது தன் பங்கில்தானே வர வேண்டும். தள்ளுவண்டில் பிள்ளையினுடையது, அது பிள்ளையின் பங்கில் வருகிறது.

"அப்ப உங்கடை ஒரு பங்கிலை கமரா அடங்காதுதானே. மிச்சத்துக்குத் தீர்வை கேப்பாங்கள். உங்களுக்கு அது பெரிய நட்டம். அதுதான் திருப்பிக் குடுத்தனான்."

"குடுக்க அவன் எப்பிடி எடுத்தவன்?"

"நாடாகூட அவிழ்க்கேல்லையே. ரசீதும் இருந்தது. இப்பிடிப் பத்திரமா வைச்சிருந்த ஆக்களைத் தான் காணேல்லை எண்டு கமரா வித்த அந்தப் பெண்பிள்ளை உங்களை மெச்சினவள். காசு சதம் குறையாமல் என்ரை கைப்பையிலை இருக்கு."

சச்சிதானந்தன் பேச முயன்றார். ஒரு மாதம் பழசாக்கினேனே என்பது மட்டும்தான் வந்தது.

"பழசாக்கினதைத்தான் கொண்டுவர ஏலாது," என்றாள் சிவனேஸ்வரி. "நாங்கள் முதன்முதல் இந்த நாட்டிலை வந்து இறங்கேக்கை என்ரை இடியப்ப உரலைப் பறிச்சவங்கள். துளைக்குள்ளை மா ஒட்டிக்கிடக்காம், பூச்சி வருமாம். அண்டைக்கு நீங்கள் கடதாசி வேலையா வேறை வரிசையிலை நிண்டியள். நான்தான் நிண்டு அழுதனான். உங்கடை கிரைண்டரிலை ஒட்டியிருக்கிறதைப் பார்த்தால் எங்களையும் சேர்த்தெல்லோ மறிச்சு வைப்பாங்கள்."

இதற்குள் வரிசை வளர்ந்துவிட்டது. உத்தியோகத்தர் மெதுவாகச் செருமி, கமராவைக் காட்டும்படி சச்சிதானந்தனைக் கேட்டார். கமரா இல்லை என்றார் சச்சிதானந்தன். அட்டையில் இருக்கிறதே என்றார் அவர். அட்டையில்தான் இருக்கிறது என்றார் சச்சிதானந்தன். உத்தியோகத்தர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். இருப்பதை மறைக்கிறவர்களைத் தினம் தினம் பார்க்கிறேன், இல்லாததை ஒருவர் இவ்வளவு அழகான எழுத்தில் அறிவித்ததை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். சந்தேகம் தீர மற்றப் பெட்டிகளையும் கிளறினார். பிள்ளையின் நாப்பிகள் வந்தன, கம்பளிச் சட்டைகள் வந்தன. கடைசியில் ஒரு பேனையைக் கொடுத்து அந்த வரியை வெட்டச் சொன்னார். சச்சிதானந்தன் தன் கையால் கமராவை வெட்டினார். கோடு நேராகத்தான் வந்தது. தொழில் பழக்கம்.

பிறகு உத்தியோகத்தர் சிவனேஸ்வரியின் அட்டையை எடுத்தார். கிரைண்டர் ஒன்று, புதிது, அண்ணன் தந்தது, என் பங்கு. தள்ளுவண்டில் ஒன்று, புதிது, மகளுடையது, மகளின் பங்கு. சாப்பாட்டுச் சாமான் இல்லை. கீழே ஊர்ப் பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் அவளுடைய முழுப் பெயர். ரசீதோடு சரிபார்த்து, எல்லாம் சரி, அம்மா, இப்படி எல்லோரும் எழுதினால் எனக்கு வேலை லேசு என்றார். பெட்டியில் சோக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். வண்டிலில் கிடந்த பிள்ளை அவருடைய வெள்ளைக் கால்மேசுகளைப் பார்த்துச் சிரித்தது.

கையெல்லாம் ஓய்ந்துபோய், வெட்டிய அட்டையைப் பிடித்தபடி மேசையோரம் நின்ற மனிதரைப் பார்த்து உத்தியோகத்தருக்கு ஏனோ இரக்கம் வந்துவிட்டது. இந்த ஐயாவுக்கென்று அறிவிக்க ஒன்றுமே இல்லையா, அவருடைய பங்கு அப்படியே கிடக்கிறதே என்று கேட்டார்.

சச்சிதானந்தன் வாயைத் திறந்தார். அதற்குள் சிவனேஸ்வரி வண்டிலின் பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் பதில் சொல்லிவிட்டாள்.

"ஒன்றுமில்லை, சேர். அவர் என்னோடு வந்தவர்."